மூன்று துளிக்கு மேல் வேண்டாம்

புணாணையில் ரயில் நிற்கிற ஒரு நிமிடத்துக்குள்
பெட்டிக்குள் ஏறிவிடும் எங்கள் வாசம்.
தூங்குகிறவர் தும்முவார்.
யாருக்கோ காய்ச்சல் என்று
சன்னலை இழுத்து மூடுவார் பக்கத்தில் இருப்பவர்.
காய்ச்சல் இல்லை ஐயா,
இலை காய்ச்சுகிறோம்.

நூறு கிலோ யூக்கலிப்டஸ் இலைக்கு ஒரு போத்தல்.
கச்சான் வீசும் மாதங்களில் கொஞ்சம் கூட வரும்.
மாரியில் இலை முழுக்கத் தண்ணீர்,
எவ்வளவு எரித்தாலும் அரைப் போத்தலோடு
மூக்கைச் சிந்திவிட்டு நின்றுபோகும் குழாய்.
உதுமாலெப்பை முதலாளி கணக்குக் கொப்பியில்
மழைக்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்.

ட்ரம்முக்குள் இறங்கி இலையை மிதிப்பது நான்.
மூடியின் விளிம்பைக் களியால் பூசி அடைப்பது
பரிமளகாந்தி.
அடுப்பில் நேற்றைய சக்கைதான் இன்றைய விறகு.
"தன்ர சாம்பலில தானே வேகுது,
நம்மளப் போலதான் கா" என்பாள்,
சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

ஆவி வளைந்து வளைந்து
பீப்பாத் தண்ணீருக்குள் குளிர்ந்து வரும்.
கண்ணாடிச் சாடியில் இரண்டும் ஒன்றாய் விழும்,
விழுந்த கையோடு பிரியும்.
எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே.
சண்டை இல்லை, ஒரு கோடு மட்டும்.
கோட்டில் கண் வைத்துத்தான் திருகைத் திறக்க வேண்டும்.
கண் அயர்ந்தால் தண்ணீரும் போத்தலுக்குள் போகும்,
முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்,
ஒன்றும் பேசமாட்டார்,
சம்பள நாளில் பேசுவார்.

வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்:
கொதித்த தண்ணீரில் மூன்று துளி,
அதற்கு மேல் வேண்டாம்.
போர்வைக்குள் குனிந்து கண்ணை மூடுங்கள்,
மூடாவிட்டால் அது மூடவைக்கும்.
முழங்காலுக்கு என்றால் தேங்காயெண்ணெயில் கலந்து.
தார் பட்ட சேட்டுக்குக் கலக்காமல்.
நுளம்புக்கு, திரியில் நனைத்து,
விளக்குக்கு எட்டத்தில்; பிடித்தால் பற்றும்.
குழந்தைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.
தங்கச்சியின் பெடியன் ஒரு மிடறு குடித்து
வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் ஒரு இரவு முழுக்க
அவன் மூச்சில் இந்தக் காடு மணத்தது.
அதைச் சொன்னால் போத்தல் விற்காது.
சொல்லித்தான் விற்கிறேன்.

ஒட்டிய பசையை இது கரைக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
புனலை விறாண்டித் துடைத்த துணியை
வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன்.
தையல் மெசினில் லோன் கொம்பனி ஒட்டிய ஸ்டிக்கர்,
என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, கீழே ஒரு இலக்கம்.
நூற்றிநாலு செவ்வாய்க்கிழமை.
கடைசிக் காசும் கட்டி முடிந்து, துண்டும் தந்து,
அவர்கள் போனார்கள்,
அது போகவில்லை.
சவர்க்காரம், மண்ணெண்ணெய், சாம்பல்.
பிளேட்டால் சுரண்டியதில்
மெசினின் பொன்பூவில் ஒரு இதழ் போனதுதான் மிச்சம்.

துணியை அதன்மேல் போட்டுவிட்டுச் சோறு வடித்தேன்.
திரும்பி வந்து மூலையைத் தொட
முழுசாய் உரிந்து கைக்கு வந்தது.
அடியில் ஒரு கறுப்புச் சதுரம்,
அது மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்குப் போல.

கையில் வந்ததைச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
இன்னொரு முறை அழுத்திப் பிடித்தேன்.
விழுந்தது.

மறுகா, பரிமளகாந்தி வந்தாள், துணியைக் கேட்டாள்.
"உனக்கு இன்னும் பத்தொன்பது கிழமை கிடக்கே புள்ள?"
"கிடக்கட்டும் கா.
இப்பவே மெல்ல ஊறட்டும்."